யளனகப படித்த விரல்கள்

ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பத்துப் பதினைந்து ஆண்டு டி.டி.பி. கடை நடத்தியவரிடம் இந்த ஐந்தையும் சொன்னால், யோசிக்காமல் 'தமிழ்' என்பார். பாமினி எழுத்துருவில் அந்தச் சொல்லுக்கான விசைகள் அவைதாம். பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் காணாமல் போய்விடும். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடக்கும். மற்றவர்களுக்கு அது குப்பை. கடைக்காரருக்கு அது கல்யாணப் பத்திரிகை. எழுத்துரு இல்லாமலே முகூர்த்த நேரத்தை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தொழிலில் இருந்தார்கள்.

மென்பொருள் எழுதியவர்கள் எதிர்பார்க்காத திறமை இது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்குக் கணினி வந்த கதையில் இப்படிப்பட்ட திறமைகள் நிறைய உண்டு. ஒவ்வொரு புது மென்பொருளும் ஏதோ ஒரு கோணலோடு வந்தது. ஆட்கள் அந்தக் கோணலுக்கு விரலைப் பழக்கிக்கொண்டார்கள். அடுத்த மென்பொருள் கோணலைச் சரிசெய்துகொண்டு வந்தபோது, பழகிய விரல் அதை ஏற்கவில்லை.

விரல் முதலில் பழகியது கணினியில் அல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை அமைத்தார். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடைக்க வேண்டிய வேலை. அவர் வடிவமைத்த பொறிகள் ஜெர்மனியில் தயாராயின. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி விசை வைத்து அவர் கண்ட வழி, பின்னால் வந்த தட்டச்சுப் பொறி விசைப்பலகைகளுக்கு அடித்தளமாயிற்று. தமிழ்நாட்டுத் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டுகளில் முதல் பாடமாக அமைந்த 'யளனகப' வரிசையும் அந்த வழியில் நிலைபெற்றதுதான். ஆங்கில விசைப்பலகையில் இடது கை ஓய்வாகப் படியும் இடத்தில் தமிழுக்கு ய, ள, ன, க, ப. அதை மனப்பாடமாக்க ஒரு பக்கம் முழுக்க அதையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்வார்கள்.

பொறிக்கு ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. எழுத்து அடித்ததும் உருளை ஓரிடம் நகர்ந்துவிடும். நகர்ந்தபின் எழுத்தின் தலையில் புள்ளி வைக்க முடியாது. அதனால் புள்ளி விசையை நகராத விசையாக அமைத்தார்கள். முதலில் புள்ளியை வெற்றுத் தாளில் அடிக்க வேண்டும், பிறகு அதன் கீழ் எழுத்தைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். எழுதும்போது கை செய்வதற்கு நேர் எதிர். ஆயினும் இரண்டே வாரத்தில் விரல் அதை இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிடும்.

புதுக்கோட்டைக்குத் தட்டச்சு வெறும் கைத்தொழில் அல்ல. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்து 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானது. மன்னரின் புதிய அரண்மனையே ஆட்சியர் அலுவலகமாயிற்று. மழையையும் கண்மாயையும் நம்பிய வேளாண்மை, பெரிய ஆலைகள் அதிகமில்லை. இப்படிப்பட்ட ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அரசு வேலைதான் கண்ணுக்குத் தெரிந்த படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏற 'டைப்' வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயர், பிறகு ஹையர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் முடித்தவருக்குத் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணியில் முன்னுரிமை. கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து எழுந்து போன தலைமுறைகள், குறிப்பாகப் பெண்கள், இங்கே பல.

கணினிகள் ஊருக்குள் பரவியபோது அவற்றின் முன் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தாம். பாமினி போன்ற எழுத்துருக்கள் வெற்றி பெற்ற காரணமும் அங்கேதான் இருக்கிறது. அதன் விசை வரிசை தட்டச்சுப் பொறியை அடியொற்றியது. இடக்கை படிந்த இடத்தில் அதே யளனகப. புள்ளியை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஹையர் முடித்தவர் ஒரே நாளில் கணினிக்கு மாற முடிந்தது.

உள்ளே நடந்தது ஒரு தில்லுமுல்லு. கணினிக்கு அப்போது தமிழ் என்றொன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் சில குறிகளுக்கும் ஒதுக்கிய 256 இடங்களில், ஆங்கில உருவத்தைத் தூக்கிவிட்டுத் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அடிப்பவர் ஆங்கிலம்தான் அடிக்கிறார். கண்ணுக்கு மட்டும் தமிழ். பாமினி ஒரு விதமாக வரைந்தது, அரசு அலுவலகங்களில் பரவிய வானவில் அவ்வையார் இன்னொரு விதமாக வரைந்தது, அச்சகங்களில் ஓடிய ஸ்ரீலிபி வேறொரு விதமாக வரைந்தது. ஸ்ரீலிபிக்குக் கணினியின் பின்புறம் செருகும் 'டாங்கிள்' என்ற பூட்டும் உண்டு. டாங்கிள் தொலைந்தால் மென்பொருளும் போனதுபோல்தான். ஆட்சியர் அலுவலகத்தில் வானவிலில் அடித்த சுற்றறிக்கை, பள்ளியில் பாமினி வைத்திருந்த கணினிக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

அடிப்பது ஆங்கிலம் என்று நம்பிய கணினி, ஆங்கிலத்துக்கு உதவுகிற ஆர்வத்தில் தமிழைப் படுத்திய பாடு தனிக் கதை. மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கு வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வழக்கம் உண்டு. பாமினியில் சிறிய எழுத்து அ, அதன் பெரிய எழுத்து ஆ. சிறியது த, பெரியது து. சிறியது க, பெரியது கு. ஆக, 'அரசு' என்று தொடங்கிய வாக்கியம் 'ஆரசு' ஆகும். 'கல்வி' குல்வியாகும், 'மனு' முனுவாகும். 'தமிழ்' என்று தொடங்கினால் 'துமிழ்'. தட்டச்சர் திரும்பிப் போய்த் திருத்துவார், அடுத்த வாக்கியத்தில் வேர்டு மறுபடி திருத்தும். போதாததற்கு ஒவ்வொரு சொல்லின் அடியிலும் சிவப்பு நெளிகோடு, ஆங்கிலத்தில் இப்படியொரு சொல் இல்லையே என்ற கவலையோடு.

இவற்றுள் அழகானது அடைப்புக்குறிக்குள் வரும் உகரம். அரசுக் கடிதங்களில் துணைப் பிரிவுகளை (அ), (ஆ), (இ), (ஈ), (உ) என்று வரிசைப்படுத்துவது மரபு. பாமினியில் உகரம் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தில் இருக்கிறது. அதை அடைப்புக்குறிக்குள் அடித்தால், பதிப்புரிமைக் குறி கேட்கிறார்கள் போலும் என்று வேர்டு முடிவு செய்துவிடும். நாலு பிரிவு ஒழுங்காக வந்த கடிதத்தில் ஐந்தாவது பிரிவு ஒரு வட்டக் குறியாகச் சுருண்டு நிற்கும். புதுக் கணினி வந்ததும் முதல் வேலையாக 'ஆட்டோ கரெக்ட்' பட்டியலைத் திறந்து எல்லா டிக்குகளையும் எடுத்துவிடுவது கடைகளில் ஒரு சடங்காகவே இருந்தது. வேர்டை உருவாக்கியவர்கள் பெருமையோடு சேர்த்த வசதிகள்தாம் அவை.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் முடிவு கட்டத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடியது. அங்கே பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு அடிக்கடி வரும் மெய். கிரந்த எழுத்துகளைத் தவிர ஷிப்ட் விசைக்கு வேலையே கிடையாது. புள்ளியையும் பெரும்பாலும் தனியாக வைக்க வேண்டியதில்லை. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவது புள்ளி பெறும் என்பதும், ங-க, ஞ-ச, ந-த போன்ற இணைகளில் முன்னதற்குப் புள்ளி உண்டு என்பதும் மென்பொருளுக்கே தெரியும். தமிழின் இயல்பை அறிந்து செய்த வடிவமைப்பு என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனாலும் கடைவீதியில் அது தோற்றது. இன்ஸ்டிடியூட்டில் அதைக் கற்றுத் தரவில்லை; லோயர் தேர்வில் அதைக் கேட்கவில்லை. ஹையர் முடித்தவருக்கு அது கைவேகத்தைப் பறிப்பதாகவே பட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலில் வேகம் குறைந்தால் வருமானம் குறையும். அரசு ஒரு விசைப்பலகையைத் தரமென்று அறிவித்துவிட்டு, தேர்வை இன்னொரு விசைப்பலகையில் நடத்தினால் மக்கள் எதைப் படிப்பார்கள்? மாநாட்டில் கூடிய அறிஞர்களைவிட இந்தக் கேள்விக்கு இன்ஸ்டிடியூட் நடத்தியவர்களுக்கு நன்றாகப் பதில் தெரிந்திருந்தது.

யூனிகோடு வேறு வழியாக உள்ளே வந்தது. உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் அந்த ஏற்பாட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்திய அரசின் குறியீட்டு முறையைப் பின்பற்றி, தேவநாகரிக்கு இணையாகத் தமிழை அடுக்கியதால் அகர வரிசையில் சில இடறல்கள். நகரத்தை ஒட்டி னகரம் நின்றது, ரகரத்தை ஒட்டி றகரம் நின்றது. நம் இலக்கணத்தில் னகரம்தான் கடைசி எழுத்து.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழை இயக்க ஒரு சுற்றுவழி உண்டு. கண்ட்ரோல் பேனலுக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் என்று போட்டிருந்த கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். தமிழ் அரபு மொழியின் வண்டியில் தொற்றிக்கொண்டுதான் வந்தது. உடனே கணினி விண்டோஸ் குறுந்தட்டைக் கேட்கும். கடையில் அசெம்பிள் செய்த கணினிகளுக்குக் குறுந்தட்டு ஏது? அதையும் தாண்டியவருக்கு லதா எழுத்துரு கிடைத்தது, கூடவே யாரும் கற்றிராத இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையும். தமிழ்99 விண்டோஸோடு சேர்ந்தே வருவதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் முட்டுக்கட்டையை எடுத்தவை இலவசமாகக் கிடைத்த சிறு மென்பொருள்கள்: இ-கலப்பை, பிறகு சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர். விரலோடு சண்டை போடாததுதான் ரைட்டரின் சாமர்த்தியம். தமிழ்99 வேண்டுமா, ஆங்கில ஒலிப்பு வேண்டுமா, பழைய தட்டச்சு வேண்டுமா, பாமினி வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. எந்த வழியில் அடித்தாலும் உள்ளே விழுவது யூனிகோடு. மாநாடுகளால் முடியாததை இந்தச் சமரசம் செய்தது.

2010 ஜூன் 23இல், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்து ஆணையிட்டது. கூடவே டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டையும் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒவ்வொரு எண் என்ற வகையில் அது தமிழுக்குப் பொருத்தமானதுதான். யூனிகோடு யாருக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில் அதைக் குடிவைத்ததால், மற்ற கருவிகளில் அந்த எழுத்து வெறும் கட்டமாகத் தெரியும் சங்கடம் மட்டும் தீரவில்லை.

புதுக்கோட்டையில் யூனிகோடு பரவியதில் ஆசிரியர்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், 1991இல், அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம் இது. கூட்டிவைத்துக் கற்றுத் தரும் பழக்கம் இங்கே ஏற்கெனவே ஊறியிருந்தது. தமிழாசிரியரும் எழுத்தாளருமான நா. முத்துநிலவன் போன்றோர் முன்னின்ற கணினித் தமிழ்ச் சங்கம், இணையத்தில் தமிழ் எழுத ஆர்வமுள்ளவர்களைத் திரட்டியது. 2015 அக்டோபர் 11இல் பல ஊர்களிலிருந்தும் இணையத் தமிழ் எழுத்தாளர்கள் புதுக்கோட்டையில் கூடினார்கள். சென்னையோ கோவையோ அல்லாத ஒரு நடுத்தர ஊர் இப்படிப்பட்ட கூட்டத்தை நடத்திக் காட்டியது சின்ன விஷயமல்ல.

அச்சகங்கள் மட்டும் அசையவில்லை. அவர்கள் கையில் இருந்தது பேஜ்மேக்கர். 2001இல் ஏழாம் பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. ஆனால் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம், கோயில் திருவிழா அழைப்பு எல்லாம் அதில்தான் வார்ப்பாக இருந்தன. புதியவற்றுக்கு மாறியவர்கள் வேறொரு கோணலைச் சந்தித்தார்கள். ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் உலக எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால், கொம்பு தன் எழுத்தின் முன்னால் போய் நிற்காது. பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே தொங்கும். பேருந்து நிலைய ஃப்ளெக்ஸ்களில் தலைவர் பெயருக்கு நடுவே அப்படியொரு புள்ளி வட்டம் சிரித்ததைப் பார்க்காதவர் குறைவு.

அலுவலகங்களில் தட்டச்சுப் பொறி செத்த பிறகும் அதன் சிக்கனம் சாகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பொறியில் ஔகாரக் குறிக்கெனத் தனி விசை கிடையாது. உருவம் ஒன்றுதானே என்று கொம்போடு ளகரத்தைச் சேர்த்து அடித்தார்கள். தாளில் இரண்டும் ஒன்றே. யூனிகோடில் இரண்டும் வேறுவேறு. 'கௌரி' என்று பட்டியலில் தேடினால், பழைய விரல் ளகரம் போட்டு அடித்த 'கெளரி' அகப்படமாட்டார். ஒரே பெண் ஒரு பட்டியலில் இருப்பார், இன்னொன்றில் இருக்கமாட்டார். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எழுத்தோடு முடிந்துபோகிற தொல்லையும் இல்லை இது. எக்செல் வந்ததும் நிலத்துக்கே தேதி முளைத்தது. புல எண் 12/3 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிவிடும். உட்பிரிவு செய்த நிலங்கள் நிறைந்த ஊரில், பட்டியல் தயாரிக்கிற எவரும் இதில் ஒருமுறையாவது விழாமல் தப்ப முடியாது. ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களை அடித்தால் அது புள்ளி வைத்த ஏதோ விஞ்ஞான எண்ணாகச் சுருங்கும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருந்த சுழியங்கள் மறையும். பதினாறாவது இலக்கம் இருந்தால் அது சுழியமாகிவிடும். எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டிவிட்டால் எக்செல் வாயை மூடிக்கொள்ளும் என்பது, எழுதி வைக்காமலே மேசைக்கு மேசை கைமாறிய மருந்து.

இதில் ஊர்க்காரர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகெங்கும் மரபணு ஆராய்ச்சியாளர்கள் இதே குழியில் விழுந்தார்கள். சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெயர்போல இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக்கியது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவைத் திருத்துவது எளிது என்று கண்டு, 2020இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. தானாக மாற்றும் வழக்கத்தை நிறுத்திக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023இல்.

பெயர்க் கட்டங்கள் இன்னொரு வில்லங்கம். தமிழர் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து நிற்கும். குடும்பப் பெயர் என்றொன்று பெரும்பாலோர்க்கு இல்லை. கணினிப் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டாவதை நிரப்பாவிட்டால் நகர மறுக்கும். பான் அட்டை விண்ணப்பம் முதலெழுத்தை ஏற்பதே இல்லை, விரித்து எழுதச் சொல்லும். அதனால் இ-சேவை மையத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு: ஓர் அட்டையில் தகப்பன் பெயர் பின்னால், இன்னொன்றில் முன்னால், மூன்றாவதில் வெறும் புள்ளி. வெளிநாட்டுக்குப் போன பிள்ளையை அங்கே எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு மூலகாரணம் அந்த இரண்டாவது கட்டம்தான்.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் கணினியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற வழியில்லை. மலிவுப் பதிப்பு என்பதைக் காட்ட மைக்ரோசாஃப்ட் வைத்த வேலி அது. பிளஸ் டூ பிள்ளைகள் பலர் கற்ற முதல் கணினிப் பாடம் அந்த வேலியைத் தாண்டுவது எப்படி என்பதாக இருந்தால் ஆச்சரியமில்லை.

மாவட்டத்தின் பழைய எழுத்துகளுக்கும் இதே வரிசையில் காத்திருப்பு நேர்ந்தது. சமஸ்தானம் 1929இலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. அந்தக் கல்வெட்டுகளில் நில அளவுக்கு வரும் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் யூனிகோடில் ஏறியது 2019இல். குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் கிரந்த எழுத்து 2014இல் இடம் பெற்றது. சித்தன்னவாசல் குகைப் படுக்கையில் உள்ள தமிழி எழுத்துக்கு, பிராமியோடு சேர்த்து 2010இல் இடம் கிடைத்தாலும், பழந்தமிழுக்கே உரிய குறில் எகர ஒகரங்களும் புள்ளியும் 2021இல்தான் வந்தன. தட்டச்சுப் பொறிக்காரர்களை அலைக்கழித்த அதே புள்ளி.

2017இல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைத் தந்தது. விசைப்பலகையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலை வந்ததுபோல் தெரிந்தது; தட்டச்சுத் தேர்வு அசையவில்லை. கோத்ரெஜ் தட்டச்சுப் பொறித் தயாரிப்பை 2009இல் நிறுத்தியபின்னும், உதிரிபாகங்களைப் பழைய பொறிகளிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு இன்ஸ்டிடியூட்டுகள் ஓடின. தட்டச்சர் வேலைக்கு ஹையரோடு கணினியில் அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் கேட்கிறார்கள். இரண்டையும் வாங்கி வேலையில் சேர்கிறவருக்கு முதல் நாள் கிடைப்பது ஒரு கணினி. அதில் இருப்பது வானவிலா, பாமினியா என்பது, மாற்றலாகிப் போன முந்தைய தட்டச்சரின் விரலைப் பொறுத்தது.